ஆன்மாவ யாரு பாத்துக்கறது: ஏதென்ஸ்லேருந்து லண்டன் வரைக்கும் ஒரு டைரி

நாள் 1, ஏதென்ஸ்

பைய ரூம்ல போட்டுட்டு நேரா அகோராவுக்கு, அதாவது பழைய கிரேக்க சந்தை மைதானத்துக்கு வந்துட்டோம், நானும் அக்காவும். ஏன் இந்தப் பயணம்னு மொதல்ல சொல்லிடறேன். நான் ஏழு வருஷமா ஒரு ஹெல்ப்லைன்ல ராத்திரி ஷிஃப்ட் வாலண்டியர். மனசு ஒடஞ்சவங்க கூப்பிடுவாங்க, நாங்க கேப்போம், அவ்ளோதான் வேலை. அக்கா முப்பது வருஷம் மனநல வார்டுல நர்ஸா இருந்துட்டு போன வருஷம் ரிட்டயர் ஆனா. அந்த முப்பது வருஷத்துல ஒரு நாள் கூட வார்டுல நடந்தத வீட்டுல பேசினதில்ல. நானும் கேட்டதில்ல.

என் முதல் மாசத்துல ஒரு ராத்திரி ஒரு அம்மா கூப்பிட்டாங்க, பேசிட்டே இருந்தாங்க, நடுவுல நான் புகுந்து நீங்க இப்டி பண்ணுங்க அப்டி பண்ணுங்கன்னு அடுக்க ஆரம்பிச்சேன், அவங்க கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "சரிங்க"ன்னு ஒரே வார்த்தை சொல்லி வச்சுட்டாங்க. அந்த "சரிங்க" இன்னும் காதுல இருக்கு. அப்பலேருந்து எனக்கு இந்தக் கேள்வி: இன்னொருத்தரோட ஆன்மாவ பாத்துக்கறது யாரு வேலை? சாமியார் வேலையா, டாக்டர் வேலையா, அவங்கவங்க வேலையா? நான் டாக்டரும் இல்ல சாமியாரும் இல்ல, அப்ப நான் அந்த போன் பக்கத்துல என்னவா உக்காந்திருக்கேன்? இந்த வேலைய ஆதியிலேருந்து யார் யார் பண்ணாங்க, எங்க பண்ணாங்கன்னு போய் பாத்துட்டு வரணும்னு ரொம்ப நாள் ஆசை.

அகோராவுக்கு நடுவுல ரயில் தண்டவாளம் ஓடுது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பள்ளத்துல கொஞ்சம் கல்லு, அஸ்திவாரம் மாதிரி, அதுதான் சாக்ரடீஸ் மேல போட்ட குற்றச்சாட்டுக்கு அவர் வந்து நின்ன அரச மண்டபம். கி.மு. 399. ஆளுங்க அதிகம் நிக்கல, எல்லாரும் கோயில் பக்கம் போறாங்க, நாங்க ரெண்டு பேரும் அந்தக் கல்ல பாத்துட்டு வெயில்ல நின்னோம்.

ஆன்மாவுக்கு கிரேக்க வார்த்தை சைக்கீ. ஹோமர் காலத்து கிரேக்கருக்கு அதுக்கு மூச்சுன்னு அர்த்தம். ஆள் சாகும்போது வாய் வழியாவோ காயம் வழியாவோ வெளிய பறந்து போற ஒரு நிழல். உயிரோட இருக்கறப்ப அதுக்கு பெருசா வேலை ஒண்ணும் இல்ல, அதனால அத பேணணும்னு யாரும் நினைக்கவும் இல்ல. சாக்ரடீஸ்தான் ஊர் ஊரா இல்ல, இதே ஊர்ல தெருத் தெருவா ஆள நிறுத்தி, காசு பேரு புகழ் இதையெல்லாம் இவ்ளோ கவனிக்கறியே, உன் ஆன்மா நல்லா இருக்கான்னு கவனிச்சியான்னு கேட்டாரு. கோர்ட்டுலயும் அதையேதான் சொன்னாரு, விட்டாலும் இதத்தான் செய்வேன்னாரு. கவனிக்கறது, பாத்துக்கறது, இந்த வினைச்சொல்ல உள்ளுக்குள்ள திருப்பினது அவரு.

பிளேட்டோ எழுதின ஒரு உரையாடல்ல சாக்ரடீஸ் ஒரு பையனோட தலைவலிக்கு மருந்து சொல்ற இடம் வருது. ஒரு இலை இருக்கு, ஆனா கூடவே ஒரு மந்திரம் சொல்லணும், இல்லன்னா இலை வேலை செய்யாதுங்கறாரு. திரேஸ் நாட்டு வைத்தியர் ஒருத்தர்கிட்ட கத்துக்கிட்டதாம்: கண்ண மட்டும் தனியா குணப்படுத்த முடியாது தலைய பாக்கணும், தலைய மட்டும் முடியாது உடம்ப பாக்கணும், உடம்ப மட்டும் முடியாது ஆன்மாவ பாக்கணும். ஆன்மாவுக்கான மந்திரம் என்னன்னா, நல்ல பேச்சு. இத அக்காகிட்ட படிச்சு காட்டினேன், அவ ஒண்ணும் சொல்லல, போன வாங்கி திரும்ப ஒரு தடவ படிச்சா.

நாள் 2, எபிடாரஸ்

பஸ்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல. எல்லாரும் வர்றது அந்த பெரிய தியேட்டர பாக்க, கிட்டத்தட்ட 14,000 பேர் உக்காரலாம், கி.மு. 4ஆம் நூற்றாண்டு. கீழ நடுவுல நின்னு பேசறது மேல் வரிசைக்கு கேக்குதான்னு ஆளாளுக்கு கைதட்டி பாத்துட்டு இருந்தாங்க. நாங்க சீக்கிரமே கீழ எறங்கி வைத்தியசாலை பக்கம் போயிட்டோம்.

வைத்தியசாலைன்னா அஸ்க்லேபியஸ் சாமியோட கோயில்தான். நோயாளி வந்து குளிச்சு, பலி குடுத்துட்டு ராத்திரி அபாட்டன்னு ஒரு நீளமான மண்டபத்துல படுத்துக்கணும். தூக்கத்துல சாமி கனவுல வருவாரு, தொடுவாரு, இல்லன்னா என்ன பண்ணணும்னு சொல்லுவாரு, காலைல எந்திரிச்சு போகணும். தூங்கறதுதான் சிகிச்சை. அந்த மண்டபத்த இப்ப கொஞ்சம் தூண் நிறுத்தி மறுபடி கட்டியிருக்காங்க. நிழலா இருந்துச்சு. கோயில் வாசல்ல, உள்ள வர்றவங்க தூய்மையா இருக்கணும், தூய்மைன்னா நல்லத நினைக்கறதுன்னு எழுதி இருந்துச்சாம்.

ம்யூசியத்துல கல்வெட்டு இருக்கு, குணமானவங்க கதை வரிசையா. அதுல ஏதென்ஸ்லேருந்து வந்த அம்ப்ரோசியான்னு ஒரு பொண்ணு, ஒரு கண்ணு தெரியாது. இங்க சுத்திப் பாத்துட்டு, நொண்டி நடக்கறதாம் குருடு பாக்கறதாம் வெறும் கனவு கண்டேன்னு சிரிச்சிருக்கா. அன்னிக்கு ராத்திரி சாமி கனவுல வந்து, குணப்படுத்தறேன், ஆனா உன் அறியாமைக்கு ஞாபகமா ஒரு வெள்ளிப் பன்றி செஞ்சு கோயில்ல வைக்கணும்னு சொல்லிட்டு கண்ண கீறி மருந்து ஊத்தினாராம், காலைல பார்வை வந்துச்சாம். கதை நடந்துச்சா இல்லையாங்கறது விடுங்க. எனக்கு புடிச்சது, நம்பாதவளையும் வெளிய அனுப்பல. சிரிச்சவளுக்கும் ஒரு படுக்கை குடுத்திருக்காங்க.

இன்னொரு விஷயம், தெரப்பின்னு நாம சொல்றோமே, அந்த வார்த்தை இந்த ஊர்ப் பக்கத்து வார்த்தை. கிரேக்கத்துல தெரபீயான்னா பணிவிடை. சாமிக்கு பணிவிடை செய்யறவங்க, ராஜா பக்கத்துல நிக்கற துணை, இவங்களுக்கும் அந்த வார்த்தைதான். சரி பண்றதுங்கற அர்த்தத்துக்கு முன்னாடி கூட நிக்கறதுங்கற அர்த்தம் இருந்திருக்கு. திரும்பி வர்ற பஸ் முழுக்க இதையே நினைச்சுட்டு வந்தேன்.

நாள் 4, வாடி நட்ரூன், எகிப்து

கெய்ரோலேருந்து அலெக்சாண்ட்ரியா போற பாலைவன ரோட்டுல சுமார் நூறு கிலோமீட்டர். ரெண்டு பக்கமும் ஒண்ணுமில்ல, அப்புறம் திடீர்னு மண் கலர்ல உயரமான மதில். நாலு மடம் இன்னும் உயிரோட இருக்கு, 4ஆம் நூற்றாண்டுலேருந்து. இந்த இடத்துக்கு பழைய பேரு ஸ்கேதிஸ், காப்டிக் மொழில அந்தப் பேருக்கு நெஞ்ச நிறுக்கற இடம்னு அர்த்தம் சொல்றாங்க. தராசுல வச்சு நிறுக்கற மாதிரி. இப்டி ஒரு பேர ஒரு ஊருக்கு வச்சிருக்காங்களேன்னு எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு.

இங்க வந்து தனியா குடிசைல உக்காந்தவங்க செஞ்சது என்னன்னா, தன் மனசுல எந்த நினைப்பு எப்ப வருது, அது பின்னாடி எது வருதுன்னு நாள் முழுக்க பாத்தாங்க. ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னாடி இப்டி ஒரு ஆராய்ச்சி! இதுல பெரிய ஆளு இவாக்ரியஸ். கான்ஸ்டான்டிநோபிள்ல நல்ல பேச்சாளர், கல்யாணமான ஒரு பொண்ணு மேல ஆசை வந்து ஊர விட்டு ஓடினாரு, ஜெருசலேம்ல பல மாசம் காய்ச்சல், எந்த வைத்தியமும் கேக்கல, அங்க மெலானியாங்கற துறவி அம்மா உனக்கு இது உடம்பு நோயில்ல, என்கிட்ட உள்ளத சொல்லுன்னு கேட்டு அவரு சொன்னதுக்கு அப்புறம்தான் எழுந்தாரு. அங்கேருந்து எகிப்து. இந்தப் பாலைவனத்துலயே 399ல செத்துப் போனாரு. எட்டு நினைப்புன்னு ஒரு பட்டியல் போட்டாரு: பெருந்தீனி, காமம், பேராசை, சோகம், கோபம், அப்புறம் அகேடியா, வெட்டிப்பெருமை, ஆணவம். இது பாவப் பட்டியல் இல்லங்கறத நல்லா கவனிக்கணும், நினைப்புப் பட்டியல். நினைப்பு வர்றதும் வராததும் நம்ம கைல இல்ல, வந்தது தங்குமா தங்காதாங்கறதுதான் நம்ம கைல இருக்குன்னு அவரே எழுதியிருக்காரு.

அந்த அகேடியாவ பத்தி அவரு எழுதினது அப்டியே கண்ணுக்கு முன்னாடி நிக்குது. மத்தியானம் வருமாம் அந்தப் பேய். சூரியன் நகராத மாதிரி இருக்கும், பகல் அம்பது மணி நேரம் நீளும். ஜன்னல் பக்கமே கண்ணு போகும், வெளிய வந்து சாப்பாட்டு நேரம் ஆச்சான்னு சூரியன பாப்பான், யாராவது வர்றாங்களான்னு பாப்பான். அப்புறம் இந்த இடமே புடிக்காது, இங்க யாருக்கும் யார் மேலயும் அன்பு இல்லன்னு தோணும், வேற எங்கயாவது போயிட்டா எல்லாம் சரியாயிடும்னு தோணும். மதிலோட நிழல்ல உக்காந்து இத அக்காவுக்கு சொன்னேன். "நைட் டியூட்டில மூணு மணிக்கு இப்டித்தான்டி இருக்கும், கடிகாரம் நின்னு போயிடும்"னா. வார்டு பத்தி அவ வாய்லேருந்து வந்த முதல் வரி அதுதான்.

சுத்திக் காட்டின துறவி கருப்பு அங்கி, நல்ல வெள்ளைத் தாடி, மெதுவா பேசினாரு. பழைய கதை ஒண்ணு சொன்னாரு, நானும் முன்னாடி படிச்சதுதான், ஆனா அந்த மண்ணுல நின்னு கேக்கறது வேற. ஒரு தம்பி துறவி ஏதோ தப்பு பண்ணிட்டான், விசாரிக்க பெரியவங்க கூட்டம் கூடுது, கொள்ளைக்காரரா இருந்து துறவியான மோசேவையும் கூப்பிடறாங்க. அவரு வரல. திரும்ப ஆள் விட்டதும் ஒரு ஓட்டைக் கூடைல மணல நிரப்பி முதுகுல சுமந்துட்டு வந்தாரு, மணல் பின்னாடி வழி முழுக்க கொட்டிட்டே வருது. என்ன இதுன்னு கேட்டதுக்கு, என் தப்பெல்லாம் பின்னாடி கொட்டுது, என் கண்ணுக்கு தெரியல, நான் இன்னொருத்தன் தப்ப விசாரிக்க வந்திருக்கேன்னாரு. கூட்டம் கலைஞ்சு போச்சு.

எங்க ட்ரெயினிங்ல இருபது பக்கம் கையேடு குடுத்தாங்க, கூப்பிடறவங்கள மதிப்பிடாதீங்கன்னு. அந்த மணல் கூடை ஒண்ணு போதும்னு தோணுது.

நாள் 5, கெய்ரோ

இன்னிக்கு அரை நாள்தான். சுல்தான் கலாவூன் 1284ல கட்ட ஆரம்பிச்ச வளாகம், மசூதி, கல்லூரி, சமாதி, ஆஸ்பத்திரி எல்லாம் சேர்ந்தது. ஆஸ்பத்திரி பகுதில பெருசா ஒண்ணும் மிச்சமில்ல, சுவரத் தொட்டுட்டு வந்தோம்.

ராத்திரி ரூம்ல படிச்சத மட்டும் எழுதறேன். அபூ ஸைத் அல்பல்கீன்னு ஒரு இஸ்லாமிய அறிஞர், 934ல இறந்தவரு, உடம்புக்கும் ஆன்மாவுக்கும் சேத்து ஒரே நூல் எழுதினாரு, முதல் பாதி உடம்பு, ரெண்டாம் பாதி ஆன்மா. கோபம், பயம், சோகம், அப்புறம் விடாம அரிக்கற நினைப்பு, நாலையும் தனித்தனியா எடுத்து பேசறாரு. அதுல ஒரு யோசனை, வீட்டுல மருந்து வாங்கி வைக்கற மாதிரி, மனசு நல்லா இருக்கறப்பவே நல்ல நினைப்ப சேத்து வச்சுக்கோ, கஷ்ட காலத்துல எடுத்துக்கலாம்னு. இத படிச்சதும் ஹெல்ப்லைன்ல கூப்பிட்ட ஒருத்தங்க ஞாபகம் வந்தாங்க, அவங்க கிட்டத்தட்ட இதையேதான் செய்யறேன்னு சொன்னாங்க, யாரும் சொல்லிக் குடுக்காம.

அல்கஸாலி கதையும் இங்க சேரணும். பாக்தாத்லயே பெரிய பேராசிரியர், 1095ல ஒரு நாள் பாடம் நடத்த வாய் திறந்தா வார்த்தை வரல. நாக்கு கட்டிப்போச்சு. சாப்பாடு எறங்கல. வைத்தியருங்க பாத்துட்டு இது நெஞ்சுலேருந்து வந்தது, எங்க கைல இல்லன்னுட்டாங்க. பதவிய விட்டுட்டு கெளம்பிட்டாரு. கிட்டத்தட்ட ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே வைத்தியருங்க இது எங்க எல்லை இல்லன்னு நேர்மையா சொல்லியிருக்காங்கன்னு அக்காவுக்கு ரொம்ப ஆச்சரியம்.

நாள் 7, ரோம்

ரோம்ல மூணு பேர தேடி வந்தேன். ரெண்டு பேருக்கு கட்டடம் இல்ல. பழைய ரோமோட பெரிய பேச்சாளர் சிசரோ, கி.மு. 45ல மகள் டுல்லியா பிள்ளை பெத்த கொஞ்ச நாள்ல செத்துப் போனப்ப, துக்கத்த பத்தி யார் எழுதின எதையும் விடாம படிச்சாரு, ஒண்ணும் ஆத்தல, கடைசில தனக்குத் தானே ஒரு ஆறுதல் நூல் எழுதிக்கிட்டாரு. அந்த நூல் தொலஞ்சு போச்சு. அதே வருஷம் எழுதின இன்னொரு நூல்ல ஆன்மாவுக்கு ஒரு மருத்துவம் இருக்கு, அது தத்துவம், அத வெளிய தேடக் கூடாது, நாமே நமக்கு வைத்தியம் பாத்துக்கணும்ங்கறாரு. மகள இழந்தவன் எழுதினதுன்னு தெரிஞ்சுட்டு படிச்சா அந்த வரி வேற மாதிரி கேக்குது.

ரெண்டாவது தத்துவவாதி செனெகா, ராத்திரி விளக்க எடுத்துட்டுப் போனதும், அவரு பழக்கம் தெரிஞ்ச மனைவி பேச்ச நிறுத்தினதும், இருட்டுல படுத்துட்டு அன்னிக்கு செஞ்சது பேசினது எல்லாத்தையும் திரும்ப ஓட்டிப் பாப்பாராம். எதையும் மறைக்கறதில்ல, இனிமே செய்யாத, இந்த தடவ மன்னிச்சுட்டேன்னு தனக்கே சொல்லிப்பாராம். எனக்கு அந்த மனைவிய நினைச்சா ஒரு மாதிரி இருக்கு. அவங்க பக்கத்துல பேசாம படுத்திருக்காங்க.

மூணாவது ஆளுக்கு இடம் இருக்கு. சீலியன் மலைல பெரிய கிரகோரியார் சொந்த வீட்டையே மடமா மாத்தின இடம், இப்ப சர்ச். ரோம் நகரத்துக்கே நிர்வாகத் தலைவரா இருந்தவரு, 590ல ஊர்ல பிளேக் அடிச்ச வருஷம் பாப்பரசர் ஆனாரு, வேணாம் வேணாம்னுதான் ஆனாரு. ஆன உடனே எழுதின கையேடுல ஆன்மாக்கள வழிநடத்தறது கலைகளுக்கெல்லாம் கலைங்கறாரு. உடம்புக்கு மருந்து தெரியாதவன் வைத்தியர்னு சொல்லிக்க வெக்கப்படறான், ஆன்மாவோட புண்ணு உடம்புக்குள்ள இருக்கற புண்ண விட மறைவா இருக்கு, அதுக்கு மட்டும் எவனும் வைத்தியனா வந்துடறானேன்னு கேக்கறாரு. அந்த நூல்ல பாதிக்கு மேல, யார் யார்கிட்ட எப்டி எப்டி பேசணும்னு ஜோடி ஜோடியா போகுது: ஏழைகிட்ட ஒரு விதம் பணக்காரர்கிட்ட ஒரு விதம், கூச்சப்படறவங்ககிட்ட ஒரு விதம் துணிச்சல்காரங்ககிட்ட ஒரு விதம், சந்தோஷமா இருக்கறவங்ககிட்ட, சோகமா இருக்கறவங்ககிட்ட. ஒரே பேச்சு எல்லாருக்கும் ஆகாதுன்னு இவ்ளோ பொறுமையா ஒருத்தர் எழுதியிருக்காரு.

ஆனா இவர்கிட்ட எனக்கு ஒரு வருத்தமும் இருக்கு. பாலைவனத்து எட்டு நினைப்ப மாத்தி அடுக்கி ஆணவத்த வேரா வச்சு, அதுலேருந்து கெளம்பற ஏழுன்னு ஆக்கினவரும் இவருதான். அகேடியா சோகத்துக்குள்ள கரைஞ்சு போச்சு, பின்னாடி வந்தவங்க கைல அது வெறும் சோம்பேறித்தனம் ஆயிடுச்சு. சூரியன் நகரலன்னு தவிச்ச மனுஷன சோம்பேறின்னு எழுதி வச்சுட்டாங்க. நோயோட பேரு குற்றத்தோட பேரா மாறின இடம் இதுதான்னு நினைக்கறேன், இன்னிக்கும் எங்க போன்ல "எனக்கு சோம்பேறித்தனம்தாங்க, வேற ஒண்ணுமில்ல"ன்னு ஆரம்பிக்கறவங்க எத்தன பேரு.

சாயங்காலம் லேட்டரன் சர்ச் வரைக்கும் நடந்தோம். 1215ல இங்க கூடின திருச்சபைச் சங்கம், விவரம் தெரிஞ்ச வயசு வந்த எல்லாரும் வருஷத்துக்கு ஒரு தடவயாவது பாவசங்கீர்த்தனம், அதாவது குருவானவர்கிட்ட தன் பாவத்த சொல்றது, பண்ணியே ஆகணும்னு சட்டம் போட்டுச்சு. அதே சட்டம், குருவானவர் அனுபவமுள்ள வைத்தியர் மாதிரி புண்ணுல திராட்சை ரசமும் எண்ணெயும் ஊத்தணும்னும், கேட்டத வெளிய சொன்னா பதவி பறிச்சு ஒரு மடத்துல ஆயுசுக்கும் அடைக்கணும்னும் சொல்லுது. தானா வந்து பேசினது போய் வந்தே ஆகணும்னு ஆனது எனக்கு புடிக்கல, ஆனா கேட்டது கேட்டவரோட நிக்கணும்னு எட்டு நூறு வருஷத்துக்கு முன்னாடி சட்டமா எழுதினத நினைச்சா கை எடுத்துக் கும்பிடத் தோணுது.

நாள் 9, வியன்னா

காலைல பைத்தியக்காரர் கோபுரம். பேரே அதுதான், நாரன்டுர்ம். 1784ல பேரரசர் ஜோசப் கட்டினது, வட்டமா அஞ்சு மாடி, மொத்தம் 139 அறை. அந்தக் காலத்துல இது முன்னேற்றம், தெருவுலயும் சிறைலயும் கெடந்தவங்களுக்குன்னு தனியா ஒரு கட்டடம். வளைஞ்ச வராண்டா, ஒவ்வொரு கதவுக்கும் பின்னாடி குறுகலா ஒரு ஜன்னல். இப்ப மருத்துவ ம்யூசியம். அக்கா உள்ள கொஞ்ச தூரம் வந்தா, ஒரு கதவ கொஞ்ச நேரம் பாத்தா, அப்புறம் நான் வெளிய இருக்கேன்னு போயிட்டா. நான் பின்னாடியே போகல. போகணும்னு தோணுச்சு, போகல.

அங்கேருந்து நடக்கற தூரம்தான் பெர்க்காஸே 19. பேச வச்சே மனச பாக்கற மனப்பகுப்பாய்வ ஆரம்பிச்ச ஃப்ராய்ட் 1891லேருந்து 1938 வரைக்கும் இருந்த வீடு. காத்திருக்கற ரூம்ல சோபா நாற்காலி எல்லாம் இருக்கு, உள் ரூம்ல வந்தவங்கள படுக்க வச்சு பேச வச்ச அந்த படுக்கை இல்ல. நாஜிக்கு தப்பிச்சு லண்டன் போனப்ப அதுவும் போயிடுச்சு. வெறும் தரைய பாத்துட்டு நின்னோம்.

ஃப்ராய்ட் மனசுக்கு எழுதின ஜெர்மன் வார்த்தை ஜேலே, ஆன்மான்னு அர்த்தம். 1890ல எழுதின ஒரு கட்டுரைல, ஆன்ம சிகிச்சைன்னா ஆன்மாவுக்கு சிகிச்சை குடுக்கறது இல்ல, ஆன்மா வழியா சிகிச்சை குடுக்கறது, அதுக்கு முக்கியமான கருவி பேச்சு, வார்த்தைங்கறது வெளுத்துப் போன மந்திரம்தான்னு எழுதறாரு. வெளுத்துப் போன மந்திரம்! ஏதென்ஸ்ல தலைவலிக்கு இலையோட சேத்து சொன்ன மந்திரம், ரெண்டாயிரத்து முந்நூறு வருஷம் கழிச்சு இந்த ஊர்ல வந்து நிக்குது.

இன்னொண்ணு. 1920கள்ல, டாக்டர் படிப்பு இல்லாத ஒருத்தர் மனப்பகுப்பாய்வு பண்ணதுக்கு போலி வைத்தியம்னு இங்க கேஸ் ஆச்சு, ஃப்ராய்ட் அவருக்காக ஒரு நூலே எழுதினாரு. 1928ல சூரிக்ல இருந்த பாதிரியார் நண்பர் ஃபிஸ்டருக்கு கடிதம் எழுதறப்ப, இந்த வேலைய டாக்டர்கிட்டேருந்தும் காப்பாத்தணும் பாதிரியார்கிட்டேருந்தும் காப்பாத்தணும், இன்னும் உருவாகாத ஒரு கூட்டத்துகிட்ட ஒப்படைக்கணும், அவங்க டாக்டரா இருக்க வேண்டியதில்ல, பாதிரியாரா இருக்கவே கூடாதுன்னாரு. அத பாதிரியார்கிட்டயே சொல்றாரு, அவங்க நட்பும் கடைசி வரைக்கும் நிக்குது. இத நான் இங்க வர்றதுக்கு முன்னாடியே படிச்சிருக்கேன், ஆனாலும் அந்தப் படிக்கட்டுல எறங்கறப்ப அந்த உருவாகாத கூட்டம்ங்கற வார்த்தை விடவே இல்ல.

நாள் 11, கீல், பெல்ஜியம்

சின்ன ஊர். நடுவுல தூய திம்ப்னா சர்ச், 14ஆம் நூற்றாண்டுல கட்ட ஆரம்பிச்சது. கதைப்படி திம்ப்னா அயர்லாந்து இளவரசி, அம்மா செத்ததும் புத்தி பேதலிச்ச அப்பாகிட்டேருந்து தப்பிச்சு இங்க வந்தா, அவரே தேடி வந்து வெட்டிட்டாரு. அப்டி அவ மனநோயாளிகளுக்கு பாதுகாவலி ஆனா. சர்ச்ச ஒட்டி ஒரு நோயாளி வீடு, ஒன்பது நாள் தங்கி வேண்டுதல், சர்ச்ச சுத்தி வரணும், அவளோட கல்லறைச் சின்னத்துக்கு கீழ குனிஞ்சு தவழ்ந்து போகணும். கூட்டம் தாங்கல, நோயாளி வீடு நெறஞ்சு போச்சு, அக்கம்பக்கத்து விவசாயக் குடும்பங்க வீட்டுல எடம் குடுத்தாங்க. ஒன்பது நாள் முடிஞ்சும் குணமாகாதவங்க அங்கயே இருந்துட்டாங்க.

அது அப்டியே எழுநூறு வருஷம் தொடருது. 1930கள் கடைசில 3,700 பேருக்கு மேல இப்டி வீடுகள்ல தங்கியிருந்தாங்க. இப்ப எண்ணிக்கை ரொம்ப கொறஞ்சு போச்சு, ஆனா நிக்கல. அவங்கள நோயாளின்னு கூப்பிடறதில்ல, வீட்டோட தங்கறவங்கன்னு ஒரு வார்த்தை. எடம் குடுக்கற குடும்பத்துக்கு அவங்க நோயோட பேர சொல்றதில்லங்கறது வழக்கம். அம்மா பாத்துக்கிட்டவர அம்மாவுக்கு அப்புறம் மகள் பாத்துக்கறாங்க, அம்பது வருஷம் ஒரே வீட்டுல இருந்தவங்க இருக்காங்க. ஒருத்தருக்கு சுவத்துலேருந்து சிங்கம் வர்ற மாதிரி தெரியுமாம், அப்பல்லாம் அந்த வீட்டம்மா வந்து சிங்கத்த விரட்டி விடுவாங்களாம், அவரும் அடங்கிடுவாராம். சிங்கமே இல்லன்னு வாதாடல.

அக்கா சர்ச் பெஞ்சுல ரொம்ப நேரம் உக்காந்திருந்தா. "நாங்க ஒவ்வொருத்தருக்கும் கேஸ் ஷீட்ல மொதல்ல எழுதறதே நோய் பேருதான்டி. இங்க மொதல்ல கேக்கறது உனக்கு எந்த ரூம் வேணும்னு"ன்னா. அப்புறம், "எங்களுக்கு அம்பது பேருக்கு ரெண்டு பேரு"ன்னு சொல்லிட்டு நிறுத்திட்டா. நான் அடுத்து என்னன்னு கேக்கல, வாய் வரைக்கும் வந்துச்சு.

எல்லா ஊரும் கீல் ஆகிட முடியும்னு நான் சொல்ல வரல. அந்தக் குடும்பங்களுக்கு அரசு பணம் குடுக்குது, 1850கள்லேருந்து அரசு மேற்பார்வை, ஊர்ல ஆஸ்பத்திரி இருக்கு, டாக்டர் நர்ஸ் பின்னாடி நிக்கறாங்க. ஆனா காலைல எந்திரிச்சதும் மொதல்ல பாக்கற முகம் டாக்டர் முகம் இல்ல.

நாள் 13, யார்க்

லண்டன்லேருந்து ட்ரெயின்ல ரெண்டு மணி நேரம், போய்ட்டு வந்துட்டோம். 1790ல ஹானா மில்ஸ்னு ஒரு விதவை, குவேக்கர்ங்கற கிறிஸ்தவப் பிரிவ சேந்தவங்க, இந்த ஊர் மனநல விடுதில சேந்தாங்க, குவேக்கர் ஆளுங்க பாக்கப் போனா உள்ள விடல, கொஞ்ச வாரத்துல இறந்துட்டாங்க. உள்ள என்ன நடந்துச்சுன்னு யாருக்கும் தெரியல. அதுக்கப்புறம் வில்லியம் டூக்னு ஒரு வியாபாரி, டாக்டர் இல்ல, 1796ல ரிட்ரீட்னு ஒரு வீட்ட திறந்தாரு. சங்கிலி கெடையாது. ஜன்னல் கம்பி இரும்புதான், ஆனா மரச்சட்டம் மாதிரி செஞ்சு வச்சாங்க, பாக்கறவங்களுக்கு ஜெயில் மாதிரி தெரியக் கூடாதுன்னு. முற்றத்துல முயல், கோழி, கடல்பறவை எல்லாம் விட்டாங்க, கொஞ்சறதுக்கும் தீனி போடறதுக்கும். ஜன்னல் இரும்புதானேன்னு கேக்கறவங்க இருக்காங்க, நியாயமான கேள்வி. அக்கா சொன்னா, "கம்பிய மறைக்கணும்னு தோணினதே பெருசு."

நாள் 14, லண்டன்

காலைல ஹாம்ப்ஸ்டெட்ல ஃப்ராய்டோட கடைசி வீட்டுல அந்த படுக்கைய பாத்தோம், பாரசீக விரிப்பு போத்தி, தலையணை குமிஞ்சு. தலமாட்டுல பின்னாடி அவரோட நாற்காலி, படுத்திருக்கறவங்க கண்ணுக்கு தெரியாத எடத்துல. போன்ல பேசறவங்களுக்கும் எங்க முகம் தெரியாது.

மத்தியானம் பேங்க் ஸ்டேஷன் பக்கத்துல செயின்ட் ஸ்டீபன் வால்புரூக். கட்டடக் கலைஞர் கிறிஸ்டபர் ரென் கட்டின சர்ச், 1670கள், மேல குவிமாடம், நடுவுல ஹென்றி மூர் செதுக்கின வட்டமான வெளுத்த கல் பீடம், சுத்தி பெஞ்சு. ஒரு ஓரத்துல கண்ணாடிக்குள்ள ஒரு கருப்பு டெலிபோன்.

சாட் வாரா இந்த சர்ச்ல பாதிரியாரா இருந்தவரு. 1935ல அவரு பாதிரி வேலைக்கு வந்த புதுசுல நடத்தின முதல் அடக்கம் 14 வயசு பொண்ணுக்கு. அவ வயசுக்கு வந்திருக்கா, அது என்னன்னு சொல்லிக் குடுக்க யாரும் இல்ல, ஏதோ கெட்ட நோய்னு பயந்து உயிர மாச்சுக்கிட்டா. கேக்க ஒரு ஆள் இருந்திருந்தா. அந்த நினைப்பு அவர பதினெட்டு வருஷம் விடல. 1953 நவம்பர்ல இங்க போன் வச்சு, மேன்ஷன் ஹவுஸ் 9000ங்கற நம்பர்ல, சாகணும்னு தோணினா கூப்பிடுங்கன்னு சொன்னாரு. நேர்லயும் வந்தாங்க, க்யூ நின்னுச்சு. காத்திருக்கறவங்களுக்கு டீ போட்டுக் குடுத்து பக்கத்துல உக்கார சாதாரண ஆளுங்க சில பேர வச்சாரு. கொஞ்ச நாள்ல ஒண்ணு கவனிச்சாரு: அவங்ககூட பேசிட்டிருந்த பல பேரு, பாதிரியார பாக்கற முறை வர்றதுக்குள்ள, பரவால்லங்க நான் கெளம்பறேன்னு போயிட்டாங்க. 1954 பிப்ரவரில கேக்கற வேலைய அவங்ககிட்டயே குடுத்துட்டாரு. அவரே பாதிரியார், டீ குடுக்கறவங்க தன்னை விட நல்லா பண்றாங்கன்னு பாத்து ஒதுங்கி வழிவிட்டாரு.

1928ல இன்னும் உருவாகலன்னு சொன்ன கூட்டம் இங்க டீ கப்போட உக்காந்திருந்திருக்குன்னு எனக்கு தோணுது. ஃப்ராய்ட் இத ஒத்துக்குவாரான்னு கேட்டா மாட்டாருதான், அவரு கேட்டது முறையா பயிற்சி எடுத்தவங்கள. ஆனாலும் தோணுது.

கண்ணாடிக்கு முன்னாடி எவ்ளோ நேரம் நின்னேன்னு தெரியல. ரிசீவரு கைபட்டு கைபட்டு ஒரு மாதிரி மினுமினுப்பா இருக்கு. திரும்பிப் பாத்தா அக்கா பெஞ்சுல ஒரு ஓரமா எடம் விட்டு உக்காந்திருந்தா. போய் உக்காந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "ஒருத்தி இருந்தாடி, பன்னெண்டாம் நம்பர் பெட்"னு ஆரம்பிச்சா.

அவ சொன்னத இங்க எழுதப் போறதில்ல. நான் நடுவுல ஒண்ணும் சொல்லல, சர்ச் மூடற நேரம் ஆயிடுச்சுங்கன்னு ஒருத்தர் வந்து தயங்கி சொல்ற வரைக்கும் பேசிட்டே இருந்தா.